குறுவையோடு ஒட்டடையான்

குறுகிய கால நெல்லையும் நீண்ட கால நெல்லையும் ஒன்றாக விதைத்து, ஒரே வயலில் நட்டு, இரண்டு முறை அறுப்பது காவிரிப் படுகையின் பழைய வழக்கங்களில் ஒன்று. உடு சாகுபடி என்று அதற்குப் பெயர். கலவையில் பெரும்பங்கு குறுவை, சிறுபங்கு ஒட்டடையான். ஒட்டடான் என்றும் அந்த நெல்லைச் சொல்வார்கள். குறுவை ஏறக்குறைய நூறு, நூற்றுப் பத்து நாளில் முடிந்துவிடும். ஒட்டடையானுக்கு ஆறு மாதத்துக்கு மேல் வேண்டும். ஒரு நடவில் இரண்டு அறுப்பு என்பதால் இதைச் சோம்பலான விவசாயம் என்று நினைக்கத் தோன்றும். படுகையின் கடைமடைப் பகுதியில் தண்ணீர் எப்படி வந்து எப்படிப் போனது என்று தெரிந்தால் அந்த எண்ணம் நிற்காது.

காவிரியில் புதுத்தண்ணீர் வருவது குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். 1934-ல் மேட்டூர் அணை முடிவதற்கு முன்பு அந்த வெள்ளத்தைத் தேக்கிவைத்து விட வழியில்லை. ஆறு கொண்டுவந்ததை வாய்க்கால்கள் பிரித்துக் கொடுத்தன. தலைமடை வயல்கள் நனைந்து முடிந்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும். அங்கே குறுவை நடவு பின்தங்கினால் அறுப்பும் பின்தங்கும். குறுவை முற்றும் புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். கடலை ஒட்டிய சமதரையில் மழைநீர் வடிய இடமில்லை. வயலில் தேங்கி நிற்கும்.

அந்த நிலையில் குறுவையை அறுத்துவிட்டு, தாளடி என்ற இரண்டாம் போகம் போடுவது பெரும்பாடு. நாற்று முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தாளை மடக்கி உழுது, சேறாக்கி, பரம்படித்து, கொட்டும் மழையில் நட வேண்டும். நட்ட இளநாற்று வேர் பிடிக்கும் முன் தண்ணீர் மூடினால் அழுகிப் போகும். இத்தனைக்கும் குறுவை அறுப்பும் தாளடி நடவும் ஊர் முழுக்க ஒரே வாரங்களில் வந்து மோதும். ஆளும் மாடும் கிடைக்காது. மாற்று வழி, குறுவையை விட்டுவிட்டு ஒரே சம்பாவோடு ஆண்டை முடித்துக்கொள்வது. உடு இந்த இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த பாதை. இரண்டாவது பயிருக்கான நாற்று ஆடியிலேயே வயலில் வேரூன்றிவிடும். ஐப்பசி வெள்ளம் வரும்போது அது மூன்று மாதம் வளர்ந்த தூராக நிற்கும். தேங்கிய நீர் அதை எளிதில் கொல்லாது.

வேலை நடந்த விதம் இது. விதைநெல் இரண்டையும் அளந்து கலந்து, ஊறவைத்து முளைகட்டி, ஒரே நாற்றங்காலில் தெளிப்பார்கள். நாற்றுப் பறிக்கும்போது எது குறுவை, எது ஒட்டடையான் என்று பிரித்துப் பார்க்கும் வேலை இல்லை. முடியில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு குத்தில் நடும் நாலைந்து நாற்றில் ஒன்று ஒட்டடையானாக அமையலாம், அமையாமலும் போகலாம். விகிதம் சரியாக இருந்தால் வயல் முழுக்க அது பரவி விழும். நட்ட பிறகு கண்ணுக்கு அது ஒரே பயிர்தான். குறுவை கதிர் விட்டு மஞ்சள் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும்: சாய்ந்து தொங்கும் பொன்னிறக் கதிர்களுக்கு நடுவே, கதிரே இல்லாத பச்சைத் தாள்கள் நிமிர்ந்து நிற்கும். அரிவாள் பிடிக்குள் இரண்டும் சேர்ந்தே வரும். குறுவையின் கதிரோடு ஒட்டடையானின் மேல்தழையும் அறுபடும். அந்த வைக்கோலில் பச்சை கலந்திருக்கும்.

அறுபட்ட பிறகு குறுவையின் தாள் காய்ந்து மடியும். ஒட்டடையான் மடியாது. அதன் குருத்து இன்னும் அடித்தூரிலேயே இருப்பதால், மேலே போன தழைக்கு ஈடாகப் புது இலை விட்டு, பக்கத்தில் தூர் கட்டும். குறுவை நின்ற இடமெல்லாம் அதற்குக் காலி. சில வாரங்களில் வயல் மறுபடியும் பச்சையாகும். தையிலும் மாசியிலும் அது கதிர் முற்றி இரண்டாம் அறுப்புக்கு வரும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஒட்டடையானின் ஒரு குணம். குறுவை போன்ற நெல்கள் விதைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வளர்பவை; எப்போது விதைத்தாலும் ஏறக்குறைய அதே நாள் கணக்கில் பூக்கும். ஒட்டடையான் அப்படியல்ல. பகல் குறுகினால்தான் அது பூக்கும். தஞ்சைப் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள இடைவெளி ஒன்றேகால் மணி நேர அளவுதான். அந்தச் சிறு வித்தியாசத்தை நெல் உணர்ந்து, மழைக்காலம் நெருங்கிப் பகல் சுருங்கும்வரை இலையும் தூருமாகவே காத்திருக்கும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பைக் கார்னரும் அல்லார்டும் அமெரிக்காவில் புகையிலையையும் சோயாவையும் வைத்து நிறுவியது 1920-ல். அந்தப் பெயரும் விளக்கமும் வேண்டாமலே, எந்த நெல் எந்த மாதத்துக்கு முன் கதிர் விடாது என்பதைப் படுகை விவசாயிகள் அறிந்து, அதை நம்பியே விதைப் பானையில் கைவைத்தார்கள். இது சாதாரண அறிவு அல்ல.

இன்னொரு நுட்பமும் இதில் அடங்கியிருக்கிறது. கலந்து விதைத்தும் களத்தில் நெல் கலப்பதில்லை. குறுவை அறுக்கும்போது ஒட்டடையானில் மணி இல்லை. ஒட்டடையான் அறுக்கும்போது குறுவை அநேகமாக இல்லை. அதன் கட்டையிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மறுதாம்புக் கதிர் வந்தால்தான் உண்டு. ஆகவே அடுத்த ஆண்டுக்கான விதை தனித்தனியாகவே கிடைத்துவிடும்.

குறைகளும் இருந்தன. குறுவைக்கு எருப் போட்டால் ஒட்டடையானும் அதைத் தின்று உயர்ந்து குறுவையை நிழலில் தள்ளும். ஒட்டடையான் விதை கூடினால் முதல் அறுப்பு மெலியும்; குறைந்தால் இரண்டாம் அறுப்பில் வயல் பொக்கை விழும். இரண்டும் தனித்தனியே நன்றாக நட்டு எடுக்கும் விளைச்சலுக்கு உடு ஈடாகாது. அதன் ஒப்பீடு ஒற்றைப் போகத்தோடுதான். அதை அது விஞ்சியது. நிலமுடையவருக்கு ஓர் உழவும் ஒரு நாற்றங்காலும் ஒரு நடவும் மிச்சம். அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நடவு பெண்களின் வேலை. ஒரு நடவு இல்லாமல் போனால் அந்த நாள்களின் கூலி நெல் அவர்கள் வீட்டுக்கு வராது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர் திரளாக இருந்த தஞ்சை மாவட்டத்தில் இது சிறிய விஷயம் இல்லை.

இதே யோசனை படுகைக்கு வெளியிலும் உண்டு. கேரளத்தில் அதற்குக் கூட்டுமுண்டகன் என்று பெயர். முதற்போகமான விருப்பு நெல்லையும் இரண்டாம் போகமான முண்டகன் நெல்லையும் சுமார் 70-க்கு 30 என்ற விகிதத்தில் கலந்து, கோடை மழையில் உழுத புழுதியிலேயே சித்திரை வாக்கில் விதைப்பார்கள். விருப்பு ஆவணி, புரட்டாசியில் அறுப்பாகும். முண்டகன் மார்கழி, தையில். அங்கும் இரண்டாவது நெல் பகல் குறுகக் காத்திருப்பதுதான். நடவே கிடையாது என்பதால் செலவு இன்னும் குறைவு.

வங்காளத்தின் தாழ்நிலங்களில் காரணம் கடுமையானது. ஆவுஸ் நெல்லும் ஆழ்நீர் ஆமன் நெல்லும் மார்ச், ஏப்ரலில் சேர்த்து விதைக்கப்பட்டன. ஆவுஸ், வெள்ளம் உயரும் முன்னோ உயரும்போதோ ஜூலை, ஆகஸ்ட்டில் அறுப்பாகும். அதன் பிறகு வயல் ஆள் உயரத்துக்கும் மேல் மூழ்கும். ஆமன் நெல்லின் தண்டு நீரோடு போட்டியிட்டு நீண்டு, தலையை மேலே வைத்துக்கொள்ளும். நீர் வடியும் நவம்பர், டிசம்பரில் அதன் அறுப்பு. நீரில் மூழ்கிய நிலத்தில் இரண்டாவது பயிரை யாரும் நட முடியாது. முன்பே விதைத்து வைத்திருந்தால் மட்டுமே உண்டு. 1970-களுக்குப் பிறகு குழாய்க் கிணறுகள் பெருகி, மழையற்ற பருவத்தில் போரோ நெல் பயிரிடுவது பரவியதும், இந்தக் கலப்பு விதைப்பு பெருமளவு சுருங்கியது.

காவிரிப் படுகையில் சுருங்கியதற்குப் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கோயம்புத்தூரில் 1912-ல் நெல் ஆராய்ச்சி நிலையமும் 1922-ல் ஆடுதுறை நிலையமும் தொடங்கியபோது, அந்தக் காலத்து விஞ்ஞானம் தூய வரிசைத் தேர்வை நம்பியது: ஒரு நல்ல செடியை எடுத்து, அதன் சந்ததியை மட்டும் பெருக்குவது. அந்த வழியில் நல்ல நெல்கள் கிடைத்தன என்பதில் சந்தேகமில்லை. 1921-ல் வெளிவந்த ஜி.இ.பி. 24 தலைமுறைகளைத் தாண்டி நின்றது. ஆனால் கலந்து நிற்கும் வயலைக் குறையாகப் பார்க்கும் கண்ணும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. மேட்டூர் அணை வந்து, ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது வழக்கமானதும் குறுவைக்கு உறுதியான தொடக்க நாள் கிடைத்தது. 1960-ல் தஞ்சை மாவட்டம் தீவிர விவசாயத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. ஜப்பானின் நோரின் 10-ஐயும் ஜி.இ.பி. 24-ஐயும் இணைத்துப் பிறந்த அந்த நெல் 105 நாளில் முடியும். ரசாயன உரத்தை ஏற்றுக்கொள்ளும். குறுவையை மழைக்கு முன்பே அறுத்துவிட்டுத் தாளடி நட அவகாசம் கிடைத்தது. உரமும் தண்ணீரும் கடனும் தனிப்பயிரை வைத்தே கணக்கிடப்பட்டபோது, கலப்பு வயலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. 1966-ல் விதைச் சட்டம் வந்தது. சான்று விதையில் கலவன் என்பது களைய வேண்டிய அழுக்கு.

அதே கலவன் வேறொரு காரணத்துக்காக மதிப்பு பெற்றது சீனத்தில். யுனான் மாகாணத்தில் மக்கள் விரும்பி உண்ணும் பசையரிசி நெல் குலைநோய்க்கு எளிதில் இரையாகும். நோய் தாங்கும் கலப்பின நெல் வரிசைகளுக்கு நடுவே, நான்கு முதல் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை என்று பசையரிசி நெல்லை நட்டார்கள். ஜு யூயோங் தலைமையிலான குழு 1998-ல் 812 ஹெக்டேரிலும் 1999-ல் 3,342 ஹெக்டேரிலும் இதைச் சோதித்து, 2000-ல் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டது. தனித்து நட்டபோது இருந்ததைவிடக் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது; பசையரிசி நெல்லின் விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டாம் ஆண்டின் முடிவில் குலைநோய்க்கான பூஞ்சணக்கொல்லி தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். பூஞ்சண வித்து பறந்து போய் விழும் அடுத்த செடி அதற்கு இடம் கொடுக்காததாக இருந்தால் நோய் பரவும் வேகம் தளர்ந்துவிடும். உயரமான பசையரிசி நெல் குட்டைப் பயிருக்கு மேலே காற்றும் வெயிலும் படும்படி நின்றதும் உதவியது.

ஜப்பானில் கலவை கண்ணுக்கே தெரியாததாக ஆகிவிட்டது. குலைநோய்க்கு ஆளாகும் கோஷிஹிகாரி நெல்லில், நோய் எதிர்ப்பு மரபணு ஒன்றில் மட்டும் வேறுபடும் பல வரிசைகளை உருவாக்கி, அவற்றைக் கலந்த விதையை 2005-ல் நீகாட்டா மாகாணம் பரவலாக அறிமுகப்படுத்தியது. உயரம், சுவை, முற்றும் நாள் எல்லாம் ஒன்றுதான், அறுப்பும் ஒன்றுதான். எந்த வரிசைகளைக் கலப்பது என்பதை நோய்க்கிருமியின் போக்கைப் பார்த்து அங்கே மாகாண நிர்வாகமே மாற்றி அமைக்கிறது. விவசாயியின் கைக்கு வருவது கலந்து முடிந்த விதைப் பை.