இருபதில் ஒரு பங்கு: ஜவ்வாது மலையடிவாரத் தோல் நகரங்களும் 1959ஆம் ஆண்டுப் பூங்காச் சட்டமும்

தொழில் நகரத்துப் பூங்கா என்றாலே முதலாளியின் கொடையிலிருந்து பேச்சைத் தொடங்குவது இத்துறையில் பழகிப்போன வழி. நூற்பாலைக் குடும்பத்தவரான ஜோசப் ஸ்ட்ரட் 1840இல் இங்கிலாந்தின் டார்பி நகருக்கு அளித்த மரத்தோட்டமும், டாட்டா இரும்பாலை தன் பொன்விழாவையொட்டி 1958இல் ஜாம்ஷெட்பூருக்கு அளித்த ஜூபிலி பூங்காவும் அந்த வழியில் தவறாமல் வந்து நிற்கும் சான்றுகள். அங்கிருந்து பாலாற்றங்கரைக்கு வருபவர்கள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பூங்கா ஏன் அருகிக் கிடக்கிறது என்ற கேள்விக்கும் அதே அளவுகோலையே எடுக்கிறார்கள். இங்கே ஊரையே கட்டியாண்ட ஒற்றை ஆலை இல்லை. சிறிதும் பெரிதுமான தோல் பதனிடும் ஆலைகள்தான் உண்டு. கொடையாளி இல்லாததால் பூங்காவும் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். இந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பூங்கா உருவாவதைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. உருவான பூங்கா எப்படிப் பூங்கா அல்லாததாக ஆகிறது என்பதற்கு அதில் விடை இல்லை. அந்த விடை ஒரு சட்டத்தின் பொருள்வரையறைக்குள் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் (பாதுகாப்பு, ஒழுங்குமுறை) சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அதன் வரையறைப்படி, கட்டடமே இல்லாத, அல்லது இருபதில் ஒரு பங்குக்கு மேல் கட்டடம் நிற்காத நிலம் பூங்காவாகும்; எஞ்சிய பகுதி மரம், செடி, பூப்பாத்தி, புல்வெளி என அமைக்கப்பட்டு, மக்கள் பொழுதுபோக்குக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வந்துபோகும் இடமாகப் பராமரிக்கப்பட வேண்டும். இருபதில் ஒரு பங்கு என்ற கணக்கு இங்கே பிறந்ததன்று. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டத்தில் அது அப்படியே இருக்கிறது. ஆனால் அங்கே தோட்டமாக அமைந்த நிலத்தோடும் பொழுதுபோக்குக்குப் பயன்படும் நிலத்தோடும் மூன்றாவதாக ஒன்று உண்டு: யாரும் குடியிராமல் தரிசாகக் கிடக்கும் நிலம். அந்த மூன்றாவது வகை நம் சட்டத்தில் இல்லை. ‘பராமரிக்கப்படும்’ என்ற சொல் புதிதாக வந்திருக்கிறது. நகல் எடுத்தவர் கை தவறிய இடமாக இதைப் பலர் கடந்துபோகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சும்மா கிடப்பதாலேயே ஒரு நிலத்துக்குக் காப்பு உண்டு என்ற எண்ணத்திலிருந்து, யாரோ ஒருவர் பேணினால்தான் காப்பு என்ற எண்ணத்துக்கு அந்த ஒரு சொல் நம்மை நகர்த்திவிட்டது. பேண வேண்டியவரோ நகராட்சி.

இதில் சர்ச்சைக்குரிய பகுதி இருபதில் ஒரு பங்குதான். கழிப்பறை, குடிநீர், காவலாளி அறை போன்ற வசதிகளுக்கு இந்த வரம்பு தடையாக நிற்கிறது, ஆகவே தளர்த்த வேண்டும் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நகராட்சிகளில் சாதாரணமாகக் காணக்கூடிய பத்து சென்ட் பூங்கா ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. அதில் இருபதில் ஒரு பங்கு 217 சதுர அடிக்குச் சற்று மேல். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு இரண்டு எனச் சுவர் உட்பட நான்குக்கு ஐந்தடியில் நான்கு கழிப்பறைகள் கட்டினால் 80 சதுர அடி. எட்டுக்குப் பத்தில் காவலாளி அறை இன்னொரு 80. ஆறுக்கு எட்டில் மோட்டார் அறை 48. மொத்தம் 208. எல்லாம் அடங்கிவிடுகிறது, இன்னும் ஒன்பது சதுர அடி மிச்சம். அடங்காதவை எவை? இருபதடிச் சதுரத்தில் தூண் ஊன்றும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை, உடற்பயிற்சிக் கூடம். இவை எல்லாமே ஊருக்குத் தேவையானவை. ஆனால் பூங்காவின் வசதிகள் ஆகா. நகருக்கு வேறு இடத்தில் நிலம் வாங்க வேண்டிய செலவைப் பூங்காவின் தலையில் இறக்கி வைப்பதற்குத்தான் வரம்பைத் தளர்த்தும் வாதம் உதவுகிறது. தொட்டி கட்டடமாகுமா என்ற நுணுக்கத்தில் நான் இறங்கவில்லை. அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட அன்றே அதன் அடியிலுள்ள நிலம் குழந்தைகளிடமிருந்து போய்விடுகிறது. பணி முடிந்து வரும் காலணித் தொழிற்சாலைப் பெண்களுக்குப் பூட்டாத ஒரு கழிப்பறையைவிடப் பெரிய பூங்கா வசதி வேறில்லை. அது சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. வரையறையை நேர்பொருளில் படித்தால், கட்டடம் இருபதில் ஒரு பங்கைத் தாண்டிய அன்றே அந்த நிலம் ‘பூங்கா’ என்ற சொல்லுக்கு வெளியே போய்விடுகிறது. பூங்கா அல்லாததற்குச் சட்டத்தின் காப்பும் இல்லை. அதாவது, சிறிய அத்துமீறல் தண்டனைக்குரியது, பெரிய அத்துமீறல் தன்னைத்தானே மன்னித்துக்கொள்கிறது. பராமரிப்பிலும் இதே சுழல்தான்: மூன்றாண்டு தண்ணீர் விடாமல் புல்லைக் காயவிட்டால் அது பராமரிக்கப்படாத இடம், ஆகவே பூங்கா அன்று. இந்த வாசிப்பை ஏற்றுக்கொண்டுதான் சில ஆய்வுகள் சட்டத்தைப் பல்லில்லாதது என்று ஒதுக்குகின்றன. அந்த முடிவு அவசரமானது. தத்தம் எல்லைக்குட்பட்ட பூங்காக்களையும் திடல்களையும் வரைபடத்தோடு பட்டியலிட வேண்டும் என்று இதே சட்டம் உள்ளாட்சியின் நிர்வாக அலுவலரைப் பணிக்கிறது. வரையறை எந்த நாளைக் குறித்துப் பேசுகிறது என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலே விடை என்று கொள்வது பொருந்தும். பட்டியலில் ஏறிய நாளில் பூங்காவாக இருந்தது பூங்காவே. அதன்பின் எழும் கட்டடம் விதிமீறலாகுமே தவிர, நிலத்தின் பெயரை மாற்றாது. பராமரிப்பும் அப்படியே கடமையாகிறது, நிபந்தனையாக நிற்பதில்லை.

இந்த வாசிப்புக்கு நீதிமன்றத் துணை இருக்கிறதா என்று கேட்கலாம். நேரடியாக இதே சட்டத்தின் மேல் எழுந்த தீர்ப்பை நான் சான்றாக வைக்கவில்லை. ஆனால் பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் ஏற்க மறுத்தது. ஒதுக்கீட்டின் நோக்கமே அங்கு நிலத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அதைக் கேள்வி கேட்க அப்பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதும் ஏற்கப்பட்டது. அது வேறு மாநிலத்தின் வேறு சட்டம் என்பார்கள். சட்டம் வேறுதான், மருத்துவமனை என்ற நல்ல காரியமே பூங்கா நிலத்தைப் பெயர்மாற்றப் போதாது என்னும்போது, ரேஷன் கடை எப்படிப் போதும் என்பதற்கு அவர்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

பட்டியலுக்கு வர வேண்டிய புது நிலம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. இப்போதைய கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில்தான் சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கப்படுகிறது. 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாகப் பணம் கட்டிவிடவும் வழி உண்டு. துண்டு துண்டாகக் கைமாறும் நிலத்தில் எழும் நகரில் இந்த விதி கைவைக்கும் இடம் குறைவாகவே இருக்கும். போதாக்குறைக்கு, தோல் தொழில் விட்டுச்சென்ற மண்ணையும் கருத வேண்டும். இந்தத் தொழில் பரவிய பகுதியில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதென்ற ஆய்வை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. அத்தீர்ப்பின் வழியே பிறந்த இழப்பீட்டுப் பேச்சு உழவரின் வயலையும் கிணற்றையும் பற்றியது. நகரத்தாரின் பொதுவெளிக்கு நேர்ந்த இழப்பு அந்தக் கணக்கில் ஏறவில்லை. ஏறியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கண்ணெதிரே மலை இருக்கும்போது ஊருக்குள் பூங்கா எதற்கு என்ற மறுப்பு இன்னொன்று. 1967இல் தொடங்கிய அமிர்தி வன உயிரியல் பூங்கா ஜவ்வாது மலைத் தொடரில்தான் இருக்கிறது, 25 எக்டேர், வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பெயரில் பூங்கா என்றிருந்தாலும் அது வனத்துறையின் இடம், சீட்டு வாங்கி நுழையும் இடம். ஷிப்டு முடிந்த மாலையில் அரை மணி நேரம் உட்கார யாரும் 25 கிலோமீட்டர் போவதில்லை. டார்பியின் தோட்டமும் தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு நாள்தான் இலவசம். ஆனால் அது நடந்துபோகும் தொலைவில் இருந்தது. இதைவிட முக்கியமானது, ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அந்த மலை சாமைக் கொல்லை, தேன், கடுக்காய், புளி. தோல் பதனிடும் தொழில் குரோமிய உப்புக்கு மாறுமுன் கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் நம்பியிருந்தது என்பதை நினைத்தால், இப்போது அதே தொழில் நகரங்களின் ஓய்வையும் மலையின் மேல் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை.

மலையை நகரின் பூங்காவாகப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒன்று காவலூரில் இருக்கிறது. 1968இல் அங்கே முதல் தொலைநோக்கி நிறுவப்பட்டதற்கும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்ததற்கும் அம்மலையின் இருட்டு ஒரு பெருங்காரணம். 1959ஆம் ஆண்டுச் சட்டம் காற்றையும் வெளிச்சத்தையும் மக்களின் வசதிகளாக எண்ணியது. இருட்டை அது எண்ணவில்லை. ஏரிப் படகுத்துறையும் கோடை விழாவுமாக ஜமுனாமரத்தூர் இப்போது சுற்றுலா ஊராகிக்கொண்டிருக்கிறது. அங்கே இனி அமையும் ஒவ்வொரு பூங்காவின் விளக்குக் கம்பமும், ஓடு வேய்ந்த டிக்கெட் அறையும், எந்தப் பட்டியலில், எந்த நாளில், எத்தனை சதுர அடியாக எழுதப்படுகின்றன என்பதை இப்போதே கேட்க வேண்டும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அந்தக் கேள்வி கட்டடம் எழுந்த பிறகே கேட்கப்பட்டது.