பப்பாளியைக் காத்த விதை



“மரபணு மாத்தின சாப்பாடு வருதாமே, அது நல்லதா கெட்டதா?” என்று பலரும் கேட்கின்றனர். ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. ஒரு பழத்தின் வரலாற்றைப் பார்த்தால் நன்மையும் புரியும், இடரும் புரியும். அப்பழம், நம் லயத்துக்குப் பின்னால் காய்த்துத் தொங்கும் பப்பாளிதான். வரலாறு நடந்த இடமோ பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகள்.

1940களில் ஹவாயின் ஓவாகு தீவில் பப்பாளிக்கு ஒரு நோய் கண்டது. இலை மஞ்சள் பூத்துச் சுருங்கும், காயின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளி விழும், காய்ப்பு ஓயும். வளையப்புள்ளி நோய் என்று அதற்குப் பெயர். அசுவினி என்னும் செடிப்பேன் அந்த நோய்க்கிருமியை மரத்துக்கு மரம் கொண்டு போகும். மருந்தே கிடையாது, வெட்டிப் போட வேண்டியதுதான். ஓவாகுவில் பயிர் நொடித்ததால், 1960களின் தொடக்கத்தில் பப்பாளித் தொழில் ஹவாய்ப் பெருந்தீவின் பூனா வட்டாரத்துக்கு இடம் மாறியது.

அப்பெருந்தீவின் கொஹாலாவில், கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை டென்னிஸ் கொன்சால்விஸ். படித்து முன்னேறி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயிர்நோய் ஆராய்ச்சியாளரானார். நோய் பூனாவுக்கும் வரும் என்று அஞ்சி, 1980களின் நடுவில் தம் தோழர்களுடன் ஆராய்ச்சியில் இறங்கினார். ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது நமக்குத் தெரிந்த வேலை. அது மரத்தோடு மரத்தைச் சேர்ப்பது. இவர்கள் செய்ததோ வேறு. நோய்க்கிருமியின் மேலுறைக்குரிய மரபணுவை எடுத்துப் பப்பாளியின் உயிரணுவுக்குள் புகுத்தினர். அம்மரத்தை அந்த நோய் அண்டவில்லை.

அஞ்சியபடியே 1992 மே மாதம் பூனாவிலும் நோய் தலைகாட்டியது. அவ்வாண்டில் 5 கோடியே 30 லட்சம் ராத்தல் விளைந்த பூனாவில், 1998இல் 2 கோடியே 60 லட்சம் ராத்தல்தான் விளைந்தது. பாதிக்குப் பாதி போச்சு! அரசாங்கச் சோதனைகள் முடிந்து, 1998 மே மாதம் ‘ரெயின்போ’ என்னும் புதுப் பப்பாளி விதை பயிரிடுவோருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. 2001இல் விளைச்சல் 4 கோடி ராத்தலுக்கு ஏறியது. நொடித்த குடும்பங்களுக்கு அந்த விதை சோறு போட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முக்கிய வாடிக்கையாளரான ஜப்பான் 2011 டிசம்பர் வரை அப்பழத்தை வாங்க மறுத்தது. ஆகவே பழைய ரகத்தைத் தனியே வளர்த்து, கலந்து போகாமல் காக்க வேண்டியிருந்தது. மகரந்தத்துக்கு வேலி ஏது? பக்கத்துத் தோட்டக்காரர் வேண்டாமென்றாலும் அவர் மரத்தில் கலக்கக்கூடும். ரெயின்போ கலப்பின வகை. அதன் விதையை எடுத்து ஊன்றினால் தாயைப் போலவே முளைக்காது. 2004இல் தாய்லாந்தின் கோன் கேன் ஆய்வு நிலையத்திலிருந்து விவசாயிகளுக்குப் போன விதையில் மரபணு மாற்றிய விதையும் கலந்திருந்தது தெரியவந்து, அரசாங்கம் வயல் சோதனைகளை நிறுத்தியது.

“சரி, சாப்பிட்டா உடம்புக்கு ஆகுமா?” என்பீர்கள். ரெயின்போவை அமெரிக்காவும் ஜப்பானும் தனித்தனியே சோதித்து ஏற்றுக்கொண்டன. அதனால் எல்லாமே நல்லது என்று ஆகிவிடாது. பிரேசில் கொட்டையின் மரபணு புகுத்திய சோயா ஒன்று, அக்கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தீங்கு தரும் என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. அது கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பது இதற்காகத்தான்.

நம் மலேசியாவிலும் 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வெளிநாட்டு மரபணு மாற்றிய சோயாவும் சோளமும் அதன்படி அனுமதி பெற்றே உணவுக்கும் தீவனத்துக்கும் வருகின்றன.

மாணவர்களே! தோட்டத்துப் பிள்ளை ஒருவர் படித்ததால் ஒரு வட்டாரமே பிழைத்தது. நீங்களும் அறிவியலைக் கற்றுக்கொள்ளுங்கள். புதிது என்று பயந்து ஓடவும் வேண்டாம். விஞ்ஞானம் என்று கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். யார் சோதித்தார்கள், யார் வாங்குவார்கள், விதை யார் கையில் இருக்கிறது, பக்கத்துக்காரனுக்கு நஷ்டம் வருமா என்று கேட்கப் பழகுங்கள். கேட்கத் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.