முற்றவெளிக்குப் போற வழியும் படுக்க ஒரு பாயும்

2024 பெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. பேராதனையில் இருந்து நாங்கள் ஐந்து பேர் போவதென்று முடிவெடுத்தபோது எங்களுக்கு முன்னால் இருந்த கேள்விகள் இரண்டுதான்: எப்பிடிப் போறது, எங்க படுக்கிறது. ரிக்கெட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இலவசப் பகுதி இருக்கு எண்டு சொல்லியிருந்தார்கள், அது எங்களுக்குப் போதும்.

அன்றிரவு மேடைக்கு முன்னால் என்ன நடந்தது என்று நீங்கள் எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தடுப்புகள் விழுந்தது, ஆட்கள் கம்பங்களில் ஏறியது, நிகழ்ச்சி இடையில் நின்றது எல்லாம் அந்தக் கிழமை முழுக்க முகப்புத்தகத்தில் ஓடியது. யாழ்ப்பாணத்தாரின் 'ஒழுக்கம்' பற்றிய விவாதங்களும் கூடவே ஓடின. அதற்குள் நாங்கள் மறுபடி போகப்போவதில்லை. சின்ன நகரம் ஒன்றுக்குப் பெரிய கூட்டம் வந்தால் அந்தக் கூட்டம் எந்த வழியால் வருகிறது, இரவில் எங்கே தலை சாய்க்கிறது, அதற்கு யார் உழைக்கிறார்கள் என்ற பழைய கதையைத்தான் எழுத நினைத்தோம்.

எங்கள் ஐவரையும் ஊர்ப் பெயராலேயே குறிப்பிடுகிறோம், கம்பஸில் கூப்பிடுவதும் அப்படித்தான். கொக்குவில், ஹட்டன், திருகோணமலை மூன்றும் பெண்கள். புத்தளமும் மட்டக்களப்பும் ஆண்கள்.

முதலில் வழி. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே போகும் ரயில் அப்போது இல்லை. மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் பாதை திருத்த வேலை என்று ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள். கண்டியில் இருந்து போகிற எங்களுக்கு அதனால் என்ன என்றுதான் நினைத்தோம். ஆனால் ரயிலில் போகவேண்டிய சனம் முழுக்க பஸ்ஸுக்கு வந்தால், வவுனியாவுக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே வீதிதானே. மட்டக்களப்பு பாதி வழி நின்றுகொண்டே வந்தான்.

ஒரு வகையில் இது வடக்கின் பழைய நிலைமை. 1905இல் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது பயணம் 13 மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு வன்னிக் காட்டுக்குள்ளால் மாட்டுவண்டி, இல்லையென்றால் கடல். 1956இல் யாழ்தேவி வந்தது. 1990இல் போரோடு ரயில் நின்றது. அதன்பிறகு 2014 ஒக்டோபரில்தான் அது மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்குள் வந்தது. இடையில் ஒரு தலைமுறை தண்டவாளம் இல்லாமலேயே வளர்ந்தது. கொக்குவில் முதன்முதலாக ரயிலைக் கண்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டேசன் இருந்தும்! வீதியின் கதையும் இதேதான். 2002 ஏப்ரலில் ஏ-9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்தபிறகு மெல்ல மெல்லத் திறந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு விழா என்றால் முதலில் பாதை திறந்திருக்கா எண்டு கேட்கிற பழக்கம் எங்கட பெற்றோருக்கு இன்னும் போகவில்லை.

ஏ-9 தொடங்குவது கண்டியில். யாழ்ப்பாணத்துக்குள் அதற்குப் பெயரே கண்டி வீதி. மொத்தம் 321 கிலோமீற்றர். வியாழன் இரவு பஸ் மாத்தளை தாண்டி, தம்புள்ளை தாண்டி, மிகிந்தலைப் பக்கம் போகும்போது ஹட்டன் நித்திரையில்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வழியாலதான் அவளுடைய முன்னோர் எதிர்ப்பக்கமாக நடந்து வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலையேறினார்கள். வழியில் படுக்கக் கொட்டில்களும் அம்பலம் எனப்படும் தங்குமடங்களும் இருந்தன. போதவில்லை. கொலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரத்திலேயே செத்தவர்கள் ஏராளம். 'வடக்கு வீதி' என்று இரண்டாம் வருடப் பாடத்தில் ஒரு பந்தியில் படித்துவிட்டுத் தாண்டிய விசயம் அது. பஸ்ஸில் குளிர்காற்று அடிக்க ஹட்டன் சொன்னது ஒன்றே ஒன்று: "நாங்க ஏழெட்டு மணித்தியாலத்தில போறோம், அதுக்கே முதுகு நோகுது."

இனி படுக்கை. பயணத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே ரூம் தேடினோம். எடுத்த இடமெல்லாம் நிறைந்திருந்தது, நிறையாத இடங்களில் விலை இரட்டிப்பு. ஒரு விடுதியில் ஐந்து பேர், ஆணும் பெண்ணும் என்றதும் குரல் மாறியது. "கல்யாணம் கட்டின ஆக்களோ?" இல்லை என்றோம். போன் கட். இன்னொரு இடத்தில் ஹட்டன் கதைத்தாள். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னாள். "இஞ்ச ஆற்றை ஆக்கள்?" அடுத்த கேள்வி அது. அவளுக்கு யாழ்ப்பாணத்தில் 'ஆக்கள்' யாரும் இல்லை. ரூமும் இல்லை என்று ஆகிவிட்டது. ரூம் உண்மையிலேயே நிறைந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நிறைந்தது.

யாழ்ப்பாணம் கூட்டத்துக்குப் பழக்கமில்லாத ஊர் என்று யாரும் சொல்லமுடியாது. 2012 கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் 90,000 பேர்கூட இல்லை. ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், தீவில இருந்தும் வன்னியில இருந்தும் கொழும்பில இருந்தும், இப்போது கனடாவில இருந்தும் சனம் வரும். இந்தக் கூட்டத்தை ஊர் ஹொட்டல் கட்டித் தாங்கவில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாடிவீடு இருந்தது, அது உத்தியோகத்தருக்கும் வெள்ளைக்காரருக்கும். மற்றவர்களுக்கு மடம், கோயில் வீதி, சொந்தக்காரர் வீடு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இன்றைக்கும் மடங்களில் சோறு கிடைக்கும், படுக்க இடமும் கிடைக்கும். ஊர்க்கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரக் கச்சேரி நடந்த காலத்தில் சனம் பாயையோ சாக்கையோ கொண்டுபோய் வீதி மணலில் விரித்துப் படுத்துக்கொண்டே தவில் கேட்டது. பெரிய இசை நிகழ்ச்சி, தங்குமிடம், இரண்டும் ஒரே மணல்.

இதை நினைத்து உருகுவது சுலபம். எங்கட பெரியாக்கள் நன்றாகவே உருகுவார்கள். ஆனால் அந்த மணலில் எல்லோரும் படுக்கவில்லை. மடத்திலும் எல்லோருக்கும் இடமில்லை. 1960களில் தேநீர்க்கடைக்குள் இருந்து ரீ குடிக்கவே ஒடுக்கப்பட்ட சாதியினர் போராட வேண்டியிருந்த ஊர் இது. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகக் கேட்டவர்கள் வாசலில் தடுக்கப்பட்டார்கள். கோயிலுக்குள் விடாதவர்கள் கோயில் மடத்தில் பாய் விரித்துக் கொடுத்திருப்பார்களா? "ஆற்றை ஆக்கள்" என்ற கேள்வி நேற்றுத் தொடங்கியதல்ல. விருந்தோம்பலின் வாசலில் அது எப்போதும் ஒரு காவல்காரன் மாதிரி நின்றிருக்கிறது.

ரூம் தேடி அலைந்த அந்தப் பத்து நாளும் கொக்குவில் தன் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்களுக்குக் கோபம். பிறகுதான் சொன்னாள், அம்மம்மா இதே கேள்விகளைக் கேட்பா என்ற பயம் என்று. கடைசியில் வேறு வழியில்லாமல் போன் எடுத்தாள். அம்மம்மா கேட்டது, "எத்தினை பேர்? மச்சம் சாப்பிடாத ஆக்கள் இருக்கினமோ?" அவ்வளவுதான். எங்கள் கோட்பாடெல்லாம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

வெள்ளி விடிய வீட்டுக்குப் போனோம். பிட்டும் சம்பலும் அவித்த முட்டையும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்க கொன்சேர்ட் என்று கேட்டா. முற்றவெளி என்றோம். அம்மம்மா அகப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தா.

முற்றவெளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய வெறுநிலம் எப்படி மிஞ்சியது? காரணம் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கிய கோட்டைக்கு முன்னால், வருகிற எதிரியைக் கண்டு சுடுவதற்கு வெளி தேவைப்பட்டது. பீரங்கிக்காக விட்ட நிலத்தில் பிறகு கூட்டம் கூடத் தொடங்கியது. நூலகம், துரையப்பா அரங்கு, வீரசிங்கம் மண்டபம், மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் அதைச் சுற்றித்தான். 2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணனின் 'யாழ் கானம்' நடந்ததும் அங்கேயே. நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து நிற்க அதைவிட்டால் வேறு இடம் பெரிதாக இல்லை.

1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்தப் பக்கத்தில்தான் நடந்தது. முதல் மூன்றும் கோலாலம்பூர், சென்னை, பாரிஸ். அந்த வரிசையில் யாழ்ப்பாணம்! கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்று பெரிய இழுபறிக்குப் பிறகு வித்தியானந்தன் தலைமையில் இங்கே வந்தது. அம்மம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. வன்னியில் இருந்தும் மூதூரில் இருந்தும் சொந்தக்காரர் பதினொரு பேர் வீட்டுக்கு வந்து நின்றார்களாம். ஆம்பிளையள் விறாந்தையில, பொம்பிளையள் ஹோலுக்குள்ள, பாய் காணாமல் அயலட்டையில் வாங்கியது. அலங்கார ஊர்திகள், தோரணம், வெளிநாட்டு அறிஞர்கள் என்று வந்தவர்கள் ஒவ்வொரு இரவும் கதைகதையாகச் சொன்னார்களாம்.

"நீங்கள் போகேல்லையோ அம்மம்மா?"

"நான் எப்பிடிப் போறது? பதினொரு பேருக்கு ஆர் சமைக்கிறது?"

ஒரு நாள்கூடப் போகவில்லை. கொக்குவிலில் இருந்து எவ்வளவு தூரம், சைக்கிளில் போனாலே கொஞ்ச நேரம். மாநாட்டைப் பற்றி நாங்கள் வாசித்த கட்டுரைகளில் அறிஞர்கள் பெயர் இருக்கிறது, குழுத் தலைவர் பெயர் இருக்கிறது, கொழும்பு எதிர் யாழ்ப்பாணம் அரசியல் இருக்கிறது. அந்த ஒரு கிழமை ஊரின் குசினிகளில் எத்தனை பதினேழு வயதுப் பெட்டைகள் பிட்டு அவித்தார்கள் என்று எங்கேயும் இல்லை. நகரத்தில் ஹொட்டல் இல்லாத குறையை அவர்கள்தான் தீர்த்து வைத்தார்கள்.

ஜனவரி 10, கடைசி நாள் பொதுக்கூட்டம். வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத சனம் வெளியில் வீதியிலும் புல்லிலும் இருந்தது. பொலிஸ் கூட்டத்துக்குள் புகுந்தது, கண்ணீர்ப்புகை அடித்தது, வானத்தை நோக்கிச் சுட்டது. மின்கம்பி அறுந்து சனத்துக்கு மேல் விழுந்தது. இறந்தவர்களுக்கான நினைவிடம் முற்றவெளியின் ஓரத்தில் இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான் அதன் ஐம்பதாவது ஆண்டு நினைவுநாள். அம்மம்மா வீட்டுப் பதினொரு பேரில் ஏழு பேர் அன்றிரவு அங்கே இருந்தார்கள். சாமத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்களாம், கடைசி ஆள் விடியத்தான். சமைத்த சோற்றில் ஒருவரும் கைவைக்கவில்லை.

பின்னேரம் வெள்ளனவே இறங்கினோம். புத்தளம் தனக்கு ஒரு அலுவல் இருக்கு என்று சோனகதெருப் பக்கம் போனான். அவனுடைய உம்மா பிறந்தது அங்கே. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். உம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டைக் கண்டுபிடித்தாயா என்று கேட்டோம். வளவு இருக்கு, மதில் பாதி இருக்கு என்றான். போனில் எடுத்த படத்தை எங்களுக்குக் காட்டவில்லை, உம்மாவுக்கு மட்டும் அனுப்பினான். ஐந்து பேரில் இந்த நகரத்துக்குள்ளேயே குடும்பத்துக்கு ஒரு வளவு இருந்தது அவனுக்கு மட்டும்தான். அவனும் அன்றிரவு எங்களோடு கொக்குவில் விறாந்தையில்தான் படுக்கவேண்டியிருந்தது.

நிகழ்ச்சியைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் நின்ற இடத்தில் இருந்து மேடை தெரியவில்லை, திரையில் பாதி தெரிந்தது. பாட்டு நன்றாகக் கேட்டது. தள்ளுப்பாடு தொடங்கியதும் திருகோணமலை எங்கள் எல்லோரையும் கையைப் பிடித்து நூலகப் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சாமத்துக்குக் கிட்ட ஓட்டோ கிடைக்காமல் கன தூரம் நடந்தோம். சனமெல்லாம் நடந்தது. பஸ் நிலையத்தில் விடியும் வரை இருக்கப்போகிறோம் என்று குடும்பம் குடும்பமாகக் குந்தியிருந்தவர்களைக் கண்டோம். கைக்குழந்தையோடும் ஒரு அக்கா இருந்தா.

வீட்டில் லைற் எரிந்துகொண்டிருந்தது. விறாந்தையில் இரண்டு பாய், ஹோலுக்குள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தலையணையும் போர்வையும். அம்மம்மா கதிரையில் இருந்தபடியே எங்களை ஒவ்வொருவராக எண்ணினா. ஐந்து.

"கம்பி கிம்பி ஒண்டும் அறுந்து விழேல்லைத்தானே?"

இல்லை அம்மம்மா என்றோம். "அப்ப கை கழுவிப்போட்டு வாங்கோ" என்று எழும்பிக் குசினிக்குள் போனா. ஹட்டனும் பின்னால் போனாள். வேண்டாம் பிள்ளை நீ இரு என்ற சத்தமும், இல்ல அம்மாச்சி நான் போடுறேன் என்ற சத்தமும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. சோறு ஆறியிருந்தது. ஐந்து பேரும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டோம்.