எக்கனாமிக்ஸா, காமர்ஸா?

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபின், பிரெஞ்சில் படித்த எங்களுக்கு வந்த குழப்பம் இது. பிரான்சில் பொருளாதாரம் நெடுங்காலம் சட்டப் படிப்புக்குள் ஒரு பாடம். தனிப் பட்டமானது 1959-இல்தான். வணிகமோ பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பாரிஸ் வர்த்தக சபை 1881-இல் தொடங்கிய எச்.இ.சி. போன்ற தனிப் பள்ளிகளில். அதனால் வீட்டுப் பெரியவர்களுக்கு எக்கனாமிக்ஸ் வக்கீல் படிப்புக்கு உறவு; காமர்ஸ் வெறும் கடைக்கணக்கு.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டுமே மூன்றாண்டுப் பட்டம். எங்கள் கவலை ஆங்கிலம்தான். எக்கனாமிக்ஸில் பக்கம் பக்கமாக எழுதவேண்டும். காமர்ஸில் பாதி கணக்கு. டெபிட், கிரெடிட் பிரெஞ்சிலும் அதே சொற்கள் (நாங்கள் தெபி, க்ரெதி என்போம்).

1969-இல் 14 வங்கிகள் தேசியமயமாகி ஊர்தோறும் கிளைகள் வந்ததும், முகம் சுளித்த அதே பெரியவர்கள் பேரனுக்கு காமர்ஸ் சீட் கேட்டு அலைந்தார்கள். நான் எக்கனாமிக்ஸ்தான் எடுத்தேன். படித்து முடிப்பதற்குள் ஆங்கில அகராதி இரண்டு கிழிந்தது.