உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் நெறிகட்டுகிறதா? எப்ஸ்டீன்-பார் வைரஸ் காரணமாக இருக்கலாம்

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவருக்குக் காய்ச்சல் நீடித்தாலோ, கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டினாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ அதைச் சாதாரணத் தொற்றாகக் கருதிவிட இயலாது. எப்ஸ்டீன்-பார் வைரஸால் தூண்டப்படும் நிணநீர்த் திசுப் பெருக்க நோயின் அறிகுறிகளாகவும் அவை இருக்கலாம்.

1964-இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ், வயது வந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் உடலில் உள்ளது. ரத்த வெள்ளை அணுக்களில் ஒருவகையான பி அணுக்களுக்குள் அது வாழ்நாள் முழுவதும் பதுங்கியிருக்கும். டி அணுக்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க அளிக்கப்படும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் அந்த டி அணுக்களையே முடக்குகின்றன. காவல் தளர்ந்ததும் பி அணுக்கள் பெருகுகின்றன. சிலருக்கு அது நிணநீர்ப் புற்றுநோயாகவே மாறுகிறது.

தொற்றே ஏற்படாதவருக்கு, தொற்றுள்ள கொடையாளரின் உறுப்பைப் பொருத்தும்போது அபாயம் மிக அதிகம். குழந்தைகள் கூடுதலாகப் பாதிக்கப்படுவது இதனாலேயே. சிறுகுடல், நுரையீரல் மாற்றில் அபாயம் அதிகம். இந்தியாவில் பெருமளவில் நடைபெறும் சிறுநீரக மாற்றில் குறைவு.

திசுப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும். எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்தின் அளவைக் குறைத்தால் கட்டிகள் சுருங்கக்கூடும் என அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் 1984-இல் தெரிவித்தனர். இன்றும் அதுவே முதல் படி. சிக்கலும் அதில்தான்: மருந்து குறைந்தால் உறுப்பு நிராகரிக்கப்படலாம். சிறுநீரகம் செயலிழந்தால் டயாலிசிஸ் உண்டு. இதயத்துக்கு அத்தகைய எளிய மாற்றுவழி இல்லை. எனவே மருத்துவர் கூறாமல் நோயாளி மருந்தைக் குறைப்பது ஆபத்தானது.

பலன் கிடைக்காதோருக்கு ரிட்டுக்ஸிமாப் ஊசி, தேவைப்பட்டால் கீமோதெரபி. இவற்றுக்கும் கட்டுப்படாத நிலையில் பயன்படுத்த, வைரஸைத் தாக்கும் கொடையாளர் டி அணுக்களைக் கொண்ட டாபெலெக்ளூசெல் சிகிச்சைக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அனுமதி அளித்தது.