காது கொடுத்தவர்கள்

2014. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொரட்டூரில் எங்கள் வாசலில் அப்பாவின் குட்டியானை, சீட்டைத் தூக்கிய கோலத்தில் நின்றிருந்தது. டாடா ஏஸில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். மூன்று நாளாக அங்கிருந்து 'கர கர'வென்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறும். ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினோம். "கிராங்க் பேரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும், 40,000 ஆகும்" என்றார்கள். வண்டிக்கு இன்னும் 11 தவணை பாக்கி. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

பக்கத்துத் தெரு மாமாவைக் கூட்டி வந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறையில் 28 வருஷம் சம்மட்டி மெஷினோடு இருந்தவர். லீவு நாளில் வண்டி பார்ப்பார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்தார். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

1816இல் பாரிஸில் ரெனே லெனெக் என்ற மருத்துவர், ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அங்கிருந்துதான் பிறந்தது. மாமாவின் ஸ்க்ரூடிரைவரும் அதே வம்சம். உடலைத் திறக்காமல் உள்ளே நடப்பதைக் கேட்பது.

டீசல் இன்ஜினில் இது சுலபமில்லை. 1897இல் ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெயைத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். அந்தத் திடீர் அழுத்தம்தான் டீசலின் 'கட கட'. ஏஸில் இரண்டே சிலிண்டர், 702 சி.சி. ஆரோக்கியமாக இருக்கும்போதே சத்தம் போடும் வண்டி அது. இருக்க வேண்டிய சத்தத்திலிருந்து இருக்கக் கூடாத சத்தத்தைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

மாமா ஒரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். அந்த சிலிண்டர் வேலையை நிறுத்தியது. வண்டி உதறியது, கரகரப்பு மாறவில்லை. அடுத்ததிலும் அதே கதை. "உள்ள இல்லப்பா, வெளிய இருக்குது" என்றார். (இப்போது வரும் காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது. பைப்பில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.)

பிறகு என்னைக் கூப்பிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தார்.

"தம்பி, வால்வு பக்கம் 'டிக் டிக்'னு மெலிசா ஏதாவது தாறுமாறா கேக்குதா பாரு. எனக்கு மெலிசு சத்தம்லாம் விழாது."

அதுவரை எனக்கு அது தெரியாது.

"சீராத்தான் இருக்கு மாமா" என்றேன். இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழட்டினார். சூடேறிவிடும் என்பதால் அரை நிமிஷம் மட்டும் ஓட்டினார். கரகரப்பு இல்லை. கையால் ஆட்டிப் பார்த்தார். ஆல்டர்னேட்டரின் புல்லி ஆடியது. "டைனமோ பேரிங்."

ஆல்டர்னேட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் நம் மெக்கானிக்குகள் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையை எங்கள் பக்கத்தில் கேட்பதில் ஆச்சரியமில்லை. 1949இல் அம்பத்தூருக்கு டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1961இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ் தொடங்கி, வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் செய்தது. 1960களில் அம்பத்தூர் எஸ்டேட் எழுந்தது. பஸ் நிறுத்தங்களுக்கே கம்பெனிப் பெயர்தான்: லூகாஸ், டன்லப், டி.ஐ. சைக்கிள். ஷிப்டு முடித்து இறங்கியவர்களிடம் இருந்துதான் தெருவோரப் பட்டறைகளுக்குத் தொழில் வந்தது.

அந்த ஷிப்டுகளுக்கு ஒரு விலையும் இருந்தது. பாத்திரம் தட்டும் செப்புக் கொல்லர்களுக்குக் காது மந்தமாவதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ரமாஸினி எழுதிவைத்தார். ஓயாத இரைச்சல் முதலில் தின்பது மெல்லிய, உயர்ந்த ஒலிகளை. சுமார் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். கனத்த ஒலிகள் பிறகும் கொஞ்ச காலம் மிஞ்சும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. மாமாவுக்கு அதைப்பற்றி யாரும் சொன்னதில்லை. பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்ததாகச் சொன்னார்.

பாடியில் ஒரு எலக்ட்ரிக் கடையில் பேரிங் மாற்றினோம். கூலியோடு 900 ரூபாய். சாயங்காலமே அப்பா லோடு ஏற்றப் போனார்.

அம்மா டீ கொண்டுவந்து, "சர்க்கரை போதுமாண்ணா?" என்று கேட்டாள். மாமா திரும்பவில்லை. நான் அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன். தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தபடி, "இப்ப சத்தம் சரியா இருக்குதா?" என்று என்னைக் கேட்டார்.