இந்தியச் சுற்றாடல் அமைச்சு: தோற்றமும் முரண்பாடும்

இந்திய மத்திய அரசின் சுற்றாடல், வன அமைச்சு 1985 ஜனவரியில் உருவாயிற்று. அதற்கு முந்திய மாதத்திலேயே போபால் நகரில் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டிருந்தது. ஆகவே, முதலாளித்துவம் விளைக்கும் அழிவைத் தடுக்கப் பிறந்த நிறுவனமே இது எனத் தோன்றலாம். அஃது அரை உண்மையே. பெயரிலுள்ள 'வனம்' என்னும் சொல் பிறிதொரு வரலாற்றை உணர்த்துவது.

1864இல் பிரித்தானிய ஆட்சி வனத் திணைக்களத்தை நிறுவி, டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை அதன் தலைவராக்கிற்று. விரிவடைந்துவந்த புகையிரதப் பாதைகளுக்குச் சிலிப்பர்க் கட்டைகள் வேண்டியிருந்தன. 1878ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்காடுகளை அரசின் ஒதுக்குக் காடுகளாக்கியது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்தோரின் மேய்ச்சலும் விறகெடுத்தலும் குற்றங்களாயின. 1927ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுடைமை உறவை மேலும் உறுதிப்படுத்தியது.

சுதந்திரத்தின் பின்னரும் அவ்வுறவு தொடர்ந்தது. 1973இல் இமயமலைச் சாரலிலுள்ள மண்டல் கிராமத்தவர், விளையாட்டுப் பொருள் செய்யும் கம்பனியொன்றுக்குத் திணைக்களம் ஒதுக்கிய மரங்களை வெட்டவிடாது தடுத்தமை இதற்குச் சான்று. சிப்கோ இயக்கம் இவ்வாறே முளைத்தது. அரசு 1980இல் சுற்றாடல் திணைக்களத்தை அமைத்தது. 1985இல் விவசாய அமைச்சின் கீழிருந்த வனத்துறையும் அதனோடு இணைக்கப்பட்டுத் தனியமைச்சு தோன்றியது.

ஆகவே, புதிய அமைச்சு இரு முகங்கொண்டது. 1986ஆம் ஆண்டுச் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 1994இல் பெருந்திட்டங்களுக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கிய அறிவித்தலும் மூலதனத்துக்கு ஓரளவு கடிவாளமிட்டன என்பதை மறுத்தல் தகாது. ஆயின், மூலதனம் அமைச்சின் முன் விண்ணப்பதாரியாக நின்றது. காட்டுவாசியோ அத்துமீறியவனாகவே நின்றான்.

வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. அச்சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு இவ்வமைச்சிடமன்றிப் பழங்குடியினர் நல அமைச்சிடம் விடப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2014இல் அமைச்சின் பெயரிலே 'காலநிலை மாற்றம்' என்பதும் சேர்ந்தது. பெயர் விரிந்தபோதிலும், காடு யாருடையது என்னும் பழைய வினா விடையின்றியே நிற்கிறது. அவ்வினாவைத் தவிர்த்துச் சுற்றாடலைப் பேசுவது, உடைமை உறவுகளை மறைத்து இயற்கையைப் பேசுவதேயாகும்.